நமக்கு சோப்புப் போடுபவர்கள்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், ‘இதில் விற்பவர் யார், வாங்குபவர் யார், சரக்கு எது?’ என்று மனசுக்குள் ஒரு பேரேடு திறந்துகொள்ளும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேஜையைப் பார்த்தால்கூட அந்தப் புத்தி சும்மா இருக்காது. ஹாலில் ராத்திரி ஓடுகிற சீரியலை மட்டும் விட்டுவைக்குமா?

முதலில் ஒரு நிமிஷக் கணக்கு. டிவியில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கிறது கேபிள் டெலிவிஷன் விதி. 10 நிமிஷம் வியாபார விளம்பரம், 2 நிமிஷம் சேனலின் சுயபுராணம். 2013-ல் டிராய் இதைக் கறாராக அமல்படுத்தக் கிளம்பியபோது சேனல்கள் கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை. விதியை அப்படியே மதித்தால்கூட, அரை மணி நேர சீரியலில் 6 நிமிஷம் போச்சு. மீதி 24. அதில் டைட்டில் பாட்டு, நேற்று நடந்ததன் சுருக்கம், நாளை நடக்கப்போவதன் முன்னோட்டம் எல்லாவற்றையும் கழியுங்கள். ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்ததும் மாமியார், நாத்தனார், கொழுந்தன், வேலைக்காரம்மா என்று ஒவ்வொரு முகத்துக்கும் இடிச் சத்தத்தோடு கேமரா மூன்று தடவை போய்வருமே, அதையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் கதை. கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இதைச் சொல்லி சீரியலைக் கிண்டல் செய்வது சுலபம். எல்லோரும் செய்தாயிற்று. எனக்கு இருப்பது வேறு சந்தேகம். இத்தனை கெட்டிக்காரர்கள் சேர்ந்து, இத்தனை பணம் போட்டு, தினமும் எடுக்கிற ஒரு விஷயம் ஏன் இப்படி இருக்கிறது? திறமை இல்லாமலா? கிடையவே கிடையாது. எந்த வேலைக்காக அது செய்யப்பட்டதோ, அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. அது என்ன வேலை என்பதைத்தான் பேரேட்டில் பார்க்க வேண்டும்.

சேனல் நிகழ்ச்சியை விற்கிறது, நாம் வாங்குகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் மாசா மாசம் கட்டுகிறோம், வாஸ்தவம். ஆனால், அந்தக் காசை மட்டும் நம்பி யாரும் பிரைம் டைமில் சீரியல் ஓட்டுவதில்லை. பில் போவது சோப்புக் கம்பெனிக்கு, பற்பசைக் கம்பெனிக்கு, நகைக்கடைக்கு. ‘10 விநாடிக்கு இவ்வளவு’ என்று ரேட் போடுவார்கள். வெறும் 10 விநாடியை எவன் வாங்குவான்? அந்த 10 விநாடியில் டிவி முன்னால் இருக்கும் தலைகளைத்தான் வாங்குகிறார்கள். ஆக, விற்பவர் சேனல். வாங்குபவர் சோப்புக் கம்பெனி. சரக்கு? சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோமே, நீங்களும் நானும், நாம்தான்.

சரக்கு என்றால் தரம் பிரிக்க வேண்டாமா? பிரித்தார்கள். 2011-ல் விளம்பர உலகம் ஒரு அளவுகோல் கொண்டுவந்தது. ரொம்ப சிம்பிள். இரண்டே கேள்வி. ஒன்று, வீட்டில் முக்கியமாகச் சம்பாதிப்பவர் என்ன படித்திருக்கிறார்? இரண்டு, மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூ வீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., விவசாய நிலம் ஆகிய பதினொன்றில் உங்களிடம் எத்தனை இருக்கிறது? பதிலை வைத்து ஏ1-ல் ஆரம்பித்து இ3 வரை 12 கிரேடு. அரிசி மண்டியில்கூட இத்தனை நுணுக்கமாகத் தரம் பிரிப்பார்களா தெரியாது. ஏ.சி. போட்ட ஹாலில் உட்கார்ந்து அழுபவரின் கண்ணீருக்கு ஒரு விலை, ஃபேன்கூட இல்லாத வீட்டில் அழுபவரின் கண்ணீருக்கு வேறு விலை!

தமிழ்நாட்டில் இன்னொரு வேடிக்கை. 2006-ல் தொடங்கி 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு அரசாங்கமே இலவச கலர் டிவி கொடுத்தது. ஏழை வீட்டுக்குப் பொழுதுபோக்கு வந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் வியாபாரக் கண்ணால் பாருங்கள். விளம்பரதாரர் ஒரு பைசா செலவில்லாமல் ஒன்றரைக் கோடி வீட்டுக்குள் ஷோரூம் திறந்துகொண்டார். வாடகை அரசாங்கத்துடையது. கரன்ட் பில் நம்முடையது.

எடை போடுவதற்கு மீட்டர் இருக்கிறது. 2015 முதல் இந்த வேலையைச் செய்வது பார்க் இந்தியா என்ற அமைப்பு. சேனல்கள் தங்கள் ஒலியில் நம் காதுக்குக் கேட்காத ஒரு முத்திரையை ஒளித்து அனுப்பும். வீட்டில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து, எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல ஆளுக்கொரு பட்டன். 2025 நிலவரப்படி நாடு முழுக்க மீட்டர் வைத்த வீடுகள் 60 ஆயிரத்துக்கும் குறைவு. டிவி உள்ள வீடுகளோ 20 கோடிக்கும் மேல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று புள்ளியியல்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். ஒப்புக்கொள்வோம். தகராறு எண்ணிக்கையில் இல்லை. அந்த மீட்டருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: ‘ஆள் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா?’ ரசித்துப் பார்த்தீர்களா, திட்டிக்கொண்டே பார்த்தீர்களா, வெங்காயம் உரித்துக்கொண்டு காதால் மட்டும் கேட்டீர்களா, அதற்குத் தெரியாது. நல்ல எபிசோடும், எழுந்து போக விடாத எபிசோடும் அதற்கு ஒன்றுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். சீரியலுக்கு ‘சோப் ஆபரா’ என்று ஏன் பெயர் வந்தது? நிஜமாகவே சோப்புதான் காரணம். 1933-ல் அமெரிக்க ரேடியோவில் ‘மா பெர்கின்ஸ்’ என்று ஒரு தொடர் நாடகம். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கானது. அதற்குப் படியளந்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி, தன் ஆக்ஸிடால் சோப்புத்தூளை விற்பதற்காக. துணி துவைக்கும் நேரத்தில் ஒரு கதை, கதைக்கு நடுவில் துணி துவைக்கிற தூள். அந்த நாடகம் 1960 வரை 27 வருஷம் ஓடியது. அதே கம்பெனியின் ஆதரவில் வளர்ந்த ‘கைடிங் லைட்’ 1937-ல் ரேடியோவில் தொடங்கி, டிவிக்கு மாறி, 2009-ல்தான் முடிந்தது. 72 வருஷம்! நம் ஊர் சீரியல் இழுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இந்தச் சரக்கு வந்தது 1984-ல், தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ வழியாக. அரசாங்கத்தின் எண்ணம் உயர்ந்தது. மெக்சிகோ தொடர்களைப் பார்த்து, கதைக்குள் குடும்பக் கட்டுப்பாட்டை வைத்துச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார்கள். பிரச்சார நெடி தூக்கலாக இருந்ததால் ஆரம்பத்தில் எடுபடவில்லை. உபதேசத்தைக் குறைத்து, குடும்பச் சண்டையைக் கூட்டினார்கள். வட இந்தியாவே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஸ்பான்சர் யார் தெரியுமா? அப்போதுதான் இந்தியாவுக்குள் வந்திருந்த மேகி நூடுல்ஸ். குடும்பக் கட்டுப்பாடு எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ, நூடுல்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் தனியார் சேனல்கள் வந்த பிறகு இது தொழிற்சாலை ஆனது. 1999-ல் ‘சித்தி’ வந்தபோது ராத்திரி வேளையில் தெருவே அடங்கிப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2002-ல் ‘மெட்டி ஒலி’. 2003-ல் ‘கோலங்கள்’. அது 2009-ல் முடியும்போது 1,500 எபிசோடைத் தாண்டியிருந்தது. முதல் எபிசோடு வந்த வாரம் பிறந்த குழந்தை, கடைசி எபிசோடு வரும்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

ஏன் அத்தனை நீளம்? ‘டைரக்டருக்கு முடிக்கத் தெரியலை’ என்போம். தப்பு. அந்த நாட்களின் ஏற்பாட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவார். பதிலுக்கு, அந்த அரை மணியில் வருகிற விளம்பர நேரத்தில் ஒரு பங்கு அவருக்கு. அதைக் கம்பெனிகளுக்கு விற்றுச் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலைமையில், ரேட்டிங் உள்ள சீரியல் என்பது நல்ல முக்கில் ரன்னிங்கில் இருக்கும் டீக்கடை மாதிரி. அதை மூடிவிட்டுப் புதுக் கடை திறந்தால், வாடிக்கையாளரை ஒன்றிலிருந்து மறுபடி பிடிக்க வேண்டும். எந்த வியாபாரி செய்வான்? ஆகவே, கல்யாணம் நடக்கக்கூடாது. நடந்தால் தாலி கட்டும் நேரத்தில் போலீஸ் வர வேண்டும். செத்தவர் திரும்பி வர வேண்டும். நடிகர் கோபித்துக்கொண்டு போனால், ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு. கதை நகரக்கூடாது, நாமும் நகரக்கூடாது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. சீரியலையும் அதன் நடுவில் வருகிற விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே மருமகள், அதே மாமியார், அதே சமையலறை. சீரியலில் 1,500 எபிசோடு போனாலும் ஒரு பிரச்னையும் தீராது. விளம்பரத்தில் எந்தப் பிரச்னையும் 30 விநாடியில் தீரும்! சீரியல் மாமியார் ஆறு வருஷமாக மருமகளை மதிக்கவில்லை. விளம்பர மாமியார் ஒரு வாய் சாம்பாரில் மடங்கிவிடுகிறார். சீரியல் பெண்ணுக்கு எத்தனை இன்டர்வியூ போனாலும் வேலை கிடைக்காது. விளம்பரப் பெண்ணுக்கு க்ரீம் தடவிய கையோடு ஆர்டர் வருகிறது. சீரியல் நம் நெஞ்சில் ஒரு பாரத்தை ஏற்றி வைக்கிறது. விளம்பரம் வந்து, ‘இறக்கி வைக்க இடம் இருக்கே’ என்று ஒரு பாக்கெட்டைக் காட்டுகிறது. சீரியல் தன் கதையை முடித்து, நம்மை நிம்மதியாகத் தூங்க அனுப்பிவிட்டால், அந்தப் பாக்கெட்டுக்கு வேலை இல்லை.

சீரியல் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஓடிப்போய் சோப்பு வாங்குகிறோமா? அப்படி யாரும் முட்டாள் இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சியே இதில் தெளிவாக இருக்கிறார். எங்கள் தெரு அண்ணாச்சியிடம் ஒருமுறை டிடர்ஜென்ட் கேட்டேன். நிதானமாகத் திரும்பி, “டிவியில வர்ற பொருளு தரட்டுமா சார், நல்ல பொருளு தரட்டுமா?” என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்த நாலு பேரும் வாங்கிப் போனது டிவியில் வந்த பொருளைத்தான்!

விளம்பரம் பொருளை மட்டும் விற்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு குறையை விற்கிறது. குறையை வாங்கிவிட்டால், பொருளை நாமே தேடிப் போய் வாங்கிக்கொள்வோம்.

பல் தேய்க்கிற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பங்குச்சியும் கரித்தூளும் உப்பும்தான் நம் தாத்தா, பாட்டிக்கு. 1980-களில் தூர்தர்ஷனில் கோல்கேட் பல்பொடி விளம்பரம் ஒன்று வரும். பாலும் பாதாமும் சாப்பிட்டு உடம்பை இரும்பாக வைத்திருக்கும் பயில்வான் பல்லுக்கு மட்டும் கரியைத் தேய்ப்பார். ‘உடம்புக்கு அத்தனை உபசாரம், பல்லுக்குக் கரியா?’ என்று கேலி செய்வார்கள். நாடே வெட்கப்பட்டுக் கரியை விட்டது. இருபது வருஷம் கழித்து அதே கம்பெனி, உங்கள் டூத்பேஸ்டில் உப்பு இருக்கிறதா என்று விசாரிக்க வந்தது. அதன் பிறகு கரி போட்ட பேஸ்டையும் கொண்டுவந்தது. ஒரு பொருளை வைத்திருந்ததற்காக வெட்கப்பட வைத்து, பிறகு அதே பொருள் இல்லையே என்று வெட்கப்பட வைப்பது சாதாரணத் திறமையா?

பல்லோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். தோலுக்கு வந்தார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு விளம்பரம். பண நெருக்கடியில் இருக்கும் அப்பா, ‘ஒரு பையன் இருந்திருந்தால்...’ என்று பெருமூச்சு விடுகிறார். மாநிறமான மகள் காதில் அது விழுகிறது. க்ரீம் தடவுகிறாள். வெளுக்கிறாள். ஏர்ஹோஸ்டஸ் ஆகிறாள். அப்பாவைப் பெரிய ஹோட்டலுக்கு காபி குடிக்கக் கூட்டிப் போகிறாள். ஒரு முழு சீரியலின் கதை அது. வறுமை, ஆண் பிள்ளை இல்லாத ஏக்கம், பெண்ணின் ரோஷம் எல்லாம் உண்டு. தீர்வு மட்டும் ட்யூபில் இருக்கிறது. மாதர் சங்கங்கள் போராடி, 2003-ல் அந்த விளம்பரம் நின்றது. 2020 ஜூலையில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயர்ப் பலகைதான் மாறியது, கடை மூடவில்லை. பெண் பார்க்க வருகிற வீட்டில், ‘பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி’ என்ற குரல் இன்னும் கேட்கிறது. அந்தக் குரலை க்ரீம் கம்பெனி உண்டாக்கவில்லை, அது நம் பாட்டன் சொத்து. ஆனால், அதற்கு ஐம்பது வருஷமாக மைக் கொடுத்தது யார்?

குழந்தைகளையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போனாலும் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போகிற ஊர் இது. பக்கத்து வீட்டுப் பையன் உயரம், நம் பையன் குட்டை என்கிற பயத்தை வைத்தே பானங்கள் விற்றன. 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள், உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது என்றது. அதே மாதம் ஹார்லிக்ஸும் அந்தப் பெயரிலிருந்து விலகிக்கொண்டது. ஆக, இரண்டு மூன்று தலைமுறை அம்மாக்கள் ‘ஹெல்த்’துக்காக ஆற்றிக் கொடுத்த டம்ளருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை!

சட்டம் சும்மா இல்லைதான். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. நடித்துக் கொடுத்த நட்சத்திரமும் பதில் சொல்ல வேண்டும். 2022-ல் விரிவான வழிகாட்டு விதிகளும் வந்தன. நல்லது. ஆனால், சட்டத்தால் பிடிக்க முடிவது பொய்யைத்தான். ‘பதினாலு நாளில் வெளுக்கும்’ என்றால் நிரூபி என்று கேட்கலாம். ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு பதினாறு வயதுப் பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, அவள் முகத்தை அவளுக்கே பிடிக்காமல் செய்தால், எந்தப் பிரிவில் கேஸ் போடுவது?

சோப்புக் கம்பெனியைத் திட்டிவிட்டுக் கை கழுவவும் முடியாது. கை கழுவவே சோப்பு வேண்டும்! விளையாட்டு இல்லை. ஒரு உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். நம் சினிமா, பெண்ணைப் பாட்டுக்கு நாலு, கண்ணீருக்கு ரெண்டு சீன் என்று கணக்குப் போட்டு உபயோகித்துக்கொண்டிருந்த நாட்களில், சீரியலில்தான் ஒரு பெண் கதையின் நடுவில் நின்றாள். ‘கோலங்கள்’ அபி கட்டட கம்பெனி நடத்தினாள். ஆண்களோடு மல்லுக்கு நின்றாள். கணவனை விட்டுத் தனியாக வாழ்ந்து காட்டினாள். வேலை முடிந்து, சமையல் முடிந்து, காலை நீட்டி உட்கார்ந்த லட்சக்கணக்கான பெண்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேச அந்த அரை மணிதான் கிடைத்தது. ‘பொம்பளைங்க சீரியல்’ என்று கேலி செய்தபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு எபிசோடு விடாமல் பார்த்த ஆண்களுக்கும் இது தெரியும். பெண்களின் கதையைச் சொல்ல சினிமா முன்வராத காலத்தில் சோப்பு முன்வந்தது. வீட்டு மளிகை லிஸ்ட் அவர்கள் கையில் இருந்ததுதான் காரணம்.

என் கோபமே அதில்தான். பெண்களின் நிஜமான கஷ்டங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வரதட்சணை, சந்தேகப்படும் கணவன், சொத்தில் பங்கு தராத அண்ணன். எல்லாம் நம் வீட்டுக் கதை. கதையில் அவள் கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிக்கலாம், ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால், ஜெயித்தால் சீரியல் முடிந்துவிடுமே! அதனால் அவளை ஜெயிக்கவே விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமைக்காக அவள் தோற்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் இதைப் பார்க்கிறவர் மனதில் என்ன தங்கும்? ‘பொம்பளைக் கஷ்டத்துக்கு ஏது முடிவு? நாமதான் பொறுத்துப் போகணும்’ என்பதுதானே? சோப்பு விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. சோப்புக்காக இந்தப் பொறுமையையும் சேர்த்து விற்றார்களே, அதுதான் உறுத்துகிறது.

இப்போது பாதி வீட்டில் டிவி ஓடுகிறது, ஆனால் கண் ஃபோனில் இருக்கிறது. தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 60 ஆயிரம் வீட்டில்கூட இல்லாத மீட்டர் இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. எந்த இடத்தில் விரல் நின்றது, எதைத் தள்ளிவிட்டோம் என்று அதற்கு அத்துப்படி. டிவியிலாவது கதை ஒரு பக்கம், விளம்பரம் ஒரு பக்கம் என்று நடுவில் ஒரு கோடு இருந்தது. ‘விளம்பரம் போட்டான், தண்ணி குடிச்சிட்டு வரேன்’ என்று எழுந்து போகலாம். ஃபோனில் தன் வீட்டு அடுப்படியைக் காட்டிப் பேசும் அந்தப் பெண், கதை சொல்கிறாளா, குக்கர் விற்கிறாளா என்று கடைசிவரை தெரிவதில்லை.

டிவியை உடையுங்கள், ஃபோனைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. கணக்குப் பார்க்கிறவன். ஒரு வாரம் மட்டும் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு விளம்பரம் முடிந்ததும், ‘இது என்ன பொருள்?’ என்று கேட்காமல், ‘இப்போ நம்மகிட்ட என்ன குறைன்னு சொன்னாங்க?’ என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். நிறம் குறை, உயரம் குறை, முடி குறை, சட்டையில் வெண்மை குறை, பக்கத்து வீட்டைவிட நம் கார் குறை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

பிறகு அந்தப் பக்கத்தை நிதானமாக ஒருமுறை படியுங்கள். அதில் எத்தனை குறை, போன திங்கட்கிழமை காலையில் உங்களிடம் இருந்தது?